கை தாங்கும் சூடு

வாயில் ஆணிகளை இடுக்கிக்கொண்டுதான் நிபியாக்கா பேசுவார். உதட்டோரம் ஓர் ஆணி நீளும், வலது கை அதைப் பிடுங்கும், சுத்தியல் இறங்கும், அதற்குள் அடுத்த திட்டு வந்துவிடும். "அங்க என்ன வேடிக்கை? இழுத்துப் புடி. இது என்ன ஈரத்துணியா, மெதுவா உதறிக் காயப்போட?" ஊறவைத்த மாட்டுத்தோலை முரசின் வாயில் விரித்து நான்கு பேர் நான்கு பக்கமும் தொங்காத குறையாக இழுத்துப் பிடித்திருப்பார்கள். நிபியா சுற்றிச் சுற்றி வந்து அடிப்பார். சனிக்கிழமை காலைகளில் எங்கள் ஐஸ் கம்பெனியில் இந்தச் சத்தம்தான்.

ஐஸ் கம்பெனி என்று சொல்வது வாய்ப்பழக்கம். அங்கே ஐஸ் செய்வதை நிறுத்தி எவ்வளவோ காலமாகிவிட்டது. பூட்டிக் கிடந்த கட்டடத்தைப் பேட்டைக்காரர்கள் சேர்ந்து வெள்ளையடித்து, கூரையை ஒட்டுப்போட்டுக் கலைக்கூடமாக ஆக்கிக்கொண்டோம். மாடியில் சேர்ந்திசை. பின்கட்டில் களிமண். நடுக்கூடத்தில் முரசு செய்யும் பட்டறை. அதை ஒட்டிய அறையில் மரக்கட்டையில் செதுக்கி அச்செடுக்கக் கற்றுக்கொடுப்பவள் நான். எனக்கும் நிபியாவுக்கும் இடையில் இருப்பது ஒரு பலகைத் தடுப்பு. அதன் வழியே ஈரத்தோல் நாற்றமும், பலகை வளைக்கும் புகையும் வந்து, கொடியில் காயும் என் தாள்களின் மேல் உட்காரும். இதற்காக நான் போட்ட சண்டைகளுக்குக் கணக்கே இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான்: "ஏ மைக்காரி, உன் மை மட்டும் ரோஜாப்பூவா மணக்குது?"

வாரநாட்களில் நிபியா துறைமுகத்துப் பக்கம் ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறார். மழை பெய்தால் சீக்கிரம் வந்து, ஐஸ் கம்பெனி வாசலில் அடுப்பை மூட்டி, மாவைத் தட்டி, நடுவில் விரலால் ஓட்டை போட்டு, எண்ணெயில் ரொட்டி பொரிப்பார். மழைக்கும் பொரித்த ரொட்டிக்கும் எங்கள் ஊரில் அப்படி ஓர் ஒட்டுறவு. வெயில் நாளில் இலவசமாகக் கொடுத்தாலும் தொடமாட்டோம், தூறல் விழுந்தால் வரிசையில் நிற்போம். ஆனால் அதே மழையில் முரசுத் தோல்கள் எல்லாம் சொதசொதவென்று தளர்ந்துவிடும். ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே வானத்தைத் திட்டும் ஒரே வியாபாரியை நான் இங்குதான் பார்த்திருக்கிறேன்.

அவருடைய பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. அடுத்தவர் முரசில் யாரும் கை வைக்கக்கூடாது, நிபியா உட்பட. தோல் இழுக்கும் நாள் மட்டும் விதிவிலக்கு. பழைய திராட்சைமது பீப்பாயின் பலகைகளைக் கொண்டுவந்து, இழைத்து, அனலில் வாட்டி வளைத்து, பசை போட்டு, இரும்புப் பட்டை இறுக்கி முடிக்க ஒரு வருஷம்கூட ஆகும். பாதியில் ஓடிப்போனவர்களின் அரைகுறை முரசுகள் மூலையில் குவிந்து கிடக்கின்றன. அவற்றை அவர் தூக்கியெறிவதில்லை. "வருவாங்க. வீட்டுல சும்மா உக்கார முடியாம ஒருநாள் வருவாங்க" என்பார். சிலர் வந்தும் இருக்கிறார்கள்.

போன வருஷம் சேர்ந்தவர் ஹெபெர். எங்கள் தெருக்கோடியில் பல் மருத்துவமனை வைத்திருப்பவர், ஐம்பதை நெருங்குகிறவர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர். முதல் நாளே, இந்தப் பலகையை எந்தப் பக்கம் இழைப்பது என்று காட்டச் சொல்லி நிபியாவிடம் நீட்டினார்.

"என் கை எதுக்கு? உங்க கை எங்க போச்சு?"

"இல்ல அக்கா, தப்பாயிடுமோன்னு..."

"தப்பாகட்டும். நீங்க புடுங்கின பல்லு எல்லாம் சரியான பல்லா?"

கூடம் முழுக்கச் சிரித்தது. ஹெபெரும் சிரித்துவிட்டு இழைக்கத் தொடங்கினார். ஆணி அடிக்கும் நாளில் அவர் சுத்தியலைத் தயங்கித் தயங்கித் தூக்குவதைப் பார்த்து, "டாக்டரே, இதுக்கு மரத்துப்போற ஊசி கிடையாது. தைரியமா அடிங்க" என்று மறுபடியும் வாரினார். நிபியா ஒருவரை வாருகிறார் என்றால் பிடித்திருக்கிறது என்று பொருள். பிடிக்காதவர்களிடம் மிகவும் மரியாதையாக இருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் எல்லோரும் தெருவில் கூடுவோம். காய்கறிக் கூடைகளை உடைத்து, செய்தித்தாளைக் கசக்கி, உதிர்ந்த இலைகளையும் கூட்டி நடைபாதை ஓரம் தீ மூட்டுவோம். முரசுகளை அதைச் சுற்றிப் படுக்கவைத்து, தோலைத் தீப்பக்கம் திருப்புவோம். அனல் பட்டால்தான் தோல் இறுகும், இறுகினால்தான் பேசும். திருகாணி வைத்து இறுக்கும் முரசுகளும் வந்துவிட்டன. நிபியா அவற்றைக் குறை சொல்லமாட்டார், ஆனால் தன் பட்டறையில் ஆணியும் அனலும்தான்.

எவ்வளவு நேரம் வைப்பது என்று புதியவர்கள் கேட்பார்கள். கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லும் விஷயம் அல்ல அது. அவர் தன் உள்ளங்கையைத் தோலுக்கும் தீக்கும் நடுவே நுழைத்துக் காட்டுவார். "இப்படி வச்சுக்கோ. உன் கை தாங்குற சூடுதான் தோலும் தாங்கும். கையை எடுக்கணும்னு தோணுச்சுன்னா முரசையும் எடு. முன்னாடியே எடுத்தா சத்தம் வராது. அரட்டை அடிக்கலாம், ஒரு மடக்கு மாத்தே குடிக்கலாம்னு நகர்ந்துட்டா வெடிச்சுடும்." அந்த இலைத்தேநீரை உறிஞ்சப் போய்த் தோலை வெடிக்கவிட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு தண்டனையும் உண்டு: வெடித்த முரசைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைசி வரிசையில் கடைசிவரை சும்மா நடக்க வேண்டும். நானும் நடந்திருக்கிறேன்.

அப்புறம் புறப்படுவோம். சின்ன முரசு, நடு முரசு, பெரிய முரசு என்று வரிசை வரிசையாக, ஒரு கையில் கோல், மறு கை வெறுங்கை, சரிவில் இறங்கி ஆற்றங்கரை வரை போய்த் திரும்பி வருவோம். வீடுகளிலிருந்து நாற்காலிகள் வெளியே வரும். இஸ்திரிக் கடையில் குனிந்த நிபியாவின் முதுகு பெரிய முரசை மாட்டியதும் நிமிர்வதைப் பார்க்கவேண்டும்.

எங்கள் கூட்டத்துக்கு ஒரு வழக்கம். சாவு விழுந்த வீட்டைக் கடக்கும்போது தோலில் கை படக்கூடாது. கோலால் முரசின் பக்கவாட்டு மரத்தில் மட்டும் தட்டிக்கொண்டு போவோம், டக் டக் என்று. எத்தனை நாளைக்கு என்று யாரும் கேட்பதில்லை. அந்த வீட்டுக்காரர்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வரும் நேரம் பார்த்துத் தெருப்பக்கத்து ஜன்னலைத் திறந்துவிடுவார்கள். திறந்துவிட்டால் தோலில் அடிக்கலாம். ஒரு அம்மாள் புருஷன் போன மறுவாரமே ஜன்னலை விரியத் திறந்து, இடுப்பை ஆட்டிக்கொண்டு நின்றார். அந்தப் புருஷனைத் தெரிந்தவர்கள் யாரும் குறை சொல்லவில்லை.

ரொட்டிக்கடைக்கு அடுத்து, தெருப்பக்கத்து ஜன்னலுக்குப் பச்சை ஷட்டர் போட்ட வீடு. அதன் எதிரே நாங்கள் மூன்று வருஷமாக மரத்தில் தட்டிக்கொண்டு போகிறோம். அது நிபியாவின் வீடு.

அவருடைய ஒரே மகன் நவுவேல், பைக்கில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. கரையோரச் சாலையில் ஒரு மழைநாள் மாலை லாரி மோதிவிட்டது. இருபத்து நான்கு வயது. சின்ன முரசு வாசிப்பான். அதை அவனும் அவன் அப்பா ரூபெனும் இதே பட்டறையில் செய்தார்கள். அந்நாட்களில் ஞாயிறு தோறும் தீயைப் பார்த்துக்கொள்வது ரூபென்தான். எந்த முரசு எப்போது தயார் என்பதை அவர் தள்ளி நின்றே சொல்லிவிடுவார்.

இரண்டு மாதம் கழித்து நிபியா திரும்பி வந்தார். யாரும் ஆறுதல் சொல்ல இடம் கொடுக்காமல், வந்ததும் வராததுமாக ஒருவனைத் திட்டினார். ரூபென் வரவில்லை. மனிதர் படுத்த படுக்கையாகிவிட்டார் என்று நினைக்கவேண்டாம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார், ரொட்டிக்கடையில் என்னைப் பார்த்தால் நலம் விசாரிக்கிறார், கால்பந்து பேசுகிறார். முரசு என்ற சொல் மட்டும் அவர் வாயில் வராது. ஞாயிறு மாலை ஆனால் முன்னறையில் ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்துகொள்வார். நவுவேலின் முரசு அதே அறையில் இருக்கிறது.

ஆக, ஒவ்வொரு ஞாயிறும் நிபியா தன் சொந்த வீட்டைத் துக்க வீடாகப் பாவித்து, தன் முரசின் மரத்தில் தட்டிக்கொண்டு கடப்பார். அந்த நேரத்தில் அவர் கண் எங்கே போகும் என்று நான் கவனித்திருக்கிறேன். ஷட்டரின் அடிக்கட்டையில்தான். அது ஒரு விரற்கடை ஏறியிருக்கிறதா என்று. மகன் திரும்பி வரமாட்டான் என்பதை அவர் எப்படியோ விழுங்கிக்கொண்டார். உள்ளே உட்கார்ந்திருக்கும் மனிதராவது வெளியே வரவேண்டும், அவருக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன். "நிபியாக்கா, உங்க வீடுதானே? நீங்களே அந்த ஷட்டரைத் தூக்கிட்டா என்ன?"

அவர் வாயிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பேசுவதற்காக அவர் ஆணியை எடுத்து நான் பார்த்தது அன்றுதான்.

"வீடு ரெண்டு பேரோடது, மைக்காரி. நான் தூக்கினா எனக்கு மட்டும்தான் திறந்ததா ஆகும். அவரு அப்பவும் உள்ளதான் இருப்பாரு." பிறகு ஆணிகளை வாயில் போட்டுக்கொண்டு, "போ, உன் மையைக் கொண்டுபோய்க் கிண்டு" என்றார்.

இலையுதிர் காலத்தின் தொடக்கத்தில் ஹெபெரின் முரசு முடிந்தது. கொஞ்சம் கோணல்தான், ஆனால் அவர் கையால் ஆனது. அவருடைய முதல் ஞாயிறு. மருத்துவமனைக்குப் போட்டுக்கொண்டு போகும் சட்டையில் வந்து, தாளம் தப்பிவிடக்கூடாதே என்று உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டே நடந்தார். வழக்கமெல்லாம் அவருக்குச் சொல்லியாகிவிட்டது. பச்சை ஷட்டர் வந்தது. எங்கள் கூட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் தோலை விட்டு மரத்துக்குப் போனது. அந்த அமைதிக்குள், ஹெபெரின் கை மட்டும் தாளத்தின் பிடியிலேயே இருந்து, தோலில் பளீர் பளீர் என்று விழுந்தது. அவருக்கே கேட்டு, கையை உதறி நிறுத்துவதற்குள் நாலைந்து அடி ஆகிவிட்டது.

எல்லோரும் நிபியாவைப் பார்த்தோம். அவர் நேரே பார்த்துக்கொண்டு மரத்தில் தட்டியபடி நடந்தார். ஷட்டர் அசையவில்லை.

கரையிலிருந்து திரும்பி வந்ததும் ஹெபெர் முகம் செத்துப்போய் அவர் முன் நின்றார். "அக்கா, நான் எப்படி... என்னை மன்னிச்சுடுங்க. நான் இனிமே வரலை."

நிபியா திட்டியிருந்தால் எங்களுக்கு உயிர் வந்திருக்கும். முரசைக் கழற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு, வீட்டுக்குப் போகும் திசையில் மெதுவாக நடந்தார். உள்ளே என்ன காத்திருக்கிறதோ என்று அவர் பயந்துகொண்டே போவது பின்னாலிருந்து பார்த்தாலே தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை என் அறைக்குள் வந்தார். தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவாரே தவிர, அவர் உள்ளே வந்ததே கிடையாது. முக்காலியில் உட்கார்ந்து, என் மை உருளையை எடுத்துப் பார்த்தார், கையில் மையாக்கிக்கொண்டார்.

"அவரு கேட்டாரு" என்றார்.

"யாரு, ரூபெனா? என்ன கேட்டாரு?"

"நேத்து சூப்பைக் கிளறிக்கிட்டு இருந்தாரு. திரும்பக்கூட இல்ல. 'யாரு அது புதுசா?'ன்னாரு. எனக்குத் தூக்கிவாரிப்போட்டுச்சு. பல்லு டாக்டரு, தெரியாம அடிச்சுட்டாருன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் கிளறிக்கிட்டே இருந்தாரு. அப்புறம் சொல்றாரு, 'அந்தத் தோலுக்கு இன்னும் கொஞ்சம் சூடு வேணும். அவசரப்பட்டு எடுத்துட்டாரு'ன்னு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, உப்பு போட்டாரு. சாப்பிட்டோம்." முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்ன நாத்தம்டி இந்த மை. கண்ணெல்லாம் எரியுது."

நான் மை துடைக்கும் துணியை நீட்டினேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்த மனிதர் ஒரு தோலைப் பற்றிப் பேசியிருக்கிறார், அவ்வளவுதான் எங்கள் இருவருக்கும் தெரியும்.

அடுத்த ஞாயிறு மழை. ஊர்வலம் இல்லை. நிபியா வாசலில் ரொட்டி பொரித்தார், அடுப்பைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்ததால் பாதி கருகியது. வாங்கியவர்கள் கருகலைச் சுரண்டிவிட்டுத் தின்றார்கள்.

அதற்கடுத்த ஞாயிறு வெயிலும் ஆற்றுக்காற்றுமாக விடிந்தது. ஹெபெர் வரவில்லை. நிபியா நேரே அவர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். "ஒரு பல்லு தப்பா புடுங்கினா கடையை மூடிட்டுப் போயிடுவீங்களா? எடுங்க முரசை." அழைத்து வந்து தீப்பக்கத்தில் உட்காரவைத்தார். "இன்னைக்கு அவசரமா எடுத்தீங்கன்னா உங்க பல்லை நான் புடுங்குவேன். இன்னும் வைங்க. இன்னும். கை சொல்லும்." ஹெபெர் உள்ளங்கை சிவக்கச் சிவக்கக் காத்திருந்தார். பிறகு அவரைத் தனக்குப் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டு நிபியா புறப்பட்டார். அவருக்குப் பின்வரிசையில் நான்.

ரொட்டிக்கடையைத் தாண்டினோம். தோல் ஓய்ந்தது, மரம் தொடங்கியது. இம்முறை ஹெபெரின் கோலும் மரத்தில்தான். டக் டக் என்று நடந்துகொண்டிருக்கும்போது, உள்ளே ஷட்டரைத் தூக்கும் பட்டையைப் பிடித்து இழுக்கும் சத்தம் கேட்டது. பச்சை ஷட்டர் கீச்சிட்டுக்கொண்டு கொஞ்சம் ஏறியது, நடுவில் நின்றது, பிறகு மேலே வரை போயிற்று.

நிபியா நின்றார். அவர் நின்றதால் எல்லோரும் நின்றோம். கோல்கள் மட்டும் தாமாகத் தட்டிக்கொண்டிருந்தன.

பனியன் போட்டுக்கொண்டு ரூபென் ஜன்னலில் நின்றார். எங்கள் யாரையும் பார்க்கவில்லை. குனிந்து, கீழேயிருந்து நவுவேலின் சின்ன முரசைத் தூக்கி ஜன்னல் கட்டையின் மேல் வைத்தார்.

வழக்கப்படி நாங்கள் அப்போதே தோலில் அடித்திருக்கவேண்டும். முதல் அடி நிபியாவுடையது என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் அடிக்கவில்லை. தன் முரசைக் கழற்றி ஹெபெரிடம் கொடுத்துவிட்டு ஜன்னலுக்குப் போனார். கட்டிக்கொள்வார்களோ, அழுவார்களோ என்று நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிபியா அந்தத் தோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். ஒரு தட்டுத் தட்டினார். ஈரச் சாக்கைத் தட்டியது போல இருந்தது.

"தொளதொளன்னு கிடக்கு" என்றார்.

"தெரியும்" என்றார் ரூபென். "அதான் வெளிய குடுக்குறேன்."

நிபியா திரும்பினார். "என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? காகிதம் இருக்கா யார்கிட்டயாவது?"

ரொட்டிக்கடைக்காரர் ஒரு பழக்கூடையை உடைத்துக்கொண்டு ஓடிவந்தார். நான் சட்டைப்பைக்குள் மடித்து வைத்திருந்த என் அச்சுத்தாளைக் கொடுத்தேன். நிபியா அதில் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை, கசக்கினார். தன் வீட்டு வாசலில், நடைபாதை ஓரமாக, மண்டியிட்டு உட்கார்ந்தார். முன்கதவு திறந்தது. ரூபென் தீப்பெட்டியோடு படியிறங்கி வந்தார்.

தீ பிடித்தது. நாங்கள் நிறுத்தவில்லை, மரத்தில் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தோம். நிபியா சின்ன முரசைச் சாய்த்து, அதன் தோலைத் தீப்பக்கம் திருப்பினார். உள்ளங்கையை நடுவே நுழைத்து வைத்துக்கொண்டார். மூன்று வருஷம் அனல் காணாத தோல், சட்டென்று இறுகிவிடாது. காற்று புகையை எங்கள் முகத்தில் அடித்தது. அவர் கையை எடுக்கவில்லை.

"போதும் அக்கா, கை வெந்துடும்" என்றார் ஹெபெர்.

"இன்னும் கொஞ்சம்" என்று ரூபென் சொன்னார். சொல்லிவிட்டுத் தானும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். நிபியா அவரைப் பார்க்கவில்லை. தீக்கும் தோலுக்கும் நடுவிலிருந்த தன் கையைச் சற்றே நகர்த்தி, அவர் கைக்கும் இடம் விட்டார்.